பிஎம்பியா, டோஸ்ட்மாஸ்டர்ஸா, திருப்பூர் அண்ணனா? மூணுலயும் அடிபட்டவன் எழுதறேன்

கோயமுத்தூர்ல ப்ராஜெக்ட் மேனேஜரா இருக்கற யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, வேலையில எது கஷ்டம்னு. ப்ளான் போடறது, எஸ்டிமேட் போடறதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எதிர்ல நிக்கறவன் "பாத்துக்கலாங்க"ன்னு சொன்னா அது ஆகும்ங்கறதா ஆகாதுங்கறதான்னு கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம்.

எனக்கு நடந்தது இது. வெள்ளிக்கெழமை சாஃப்ட்வேர் ரிலீஸ். என்ற டீம்ல கோபிச்செட்டிபாளையத்துப் பையன் ஒருத்தன், தங்கமான பையன். திங்கக்கெழமை கேட்டேன், "ஆச்சுங்ணா". செவ்வாக்கெழமை கேட்டேன், "முடிச்சர்லாங்ணா". புதன்கெழமை, "முடிஞ்ச மாதிரிதானுங்ணா". வியாழன் ராத்திரி ஒம்போது மணிக்கு அவன் பக்கத்துல சேரை இழுத்துப் போட்டு உக்காந்து பாத்தா பேமென்ட் பேஜ்ல கையே வெக்கல, வேற டீம்ல இருந்து வரவேண்டிய ஒரு ஏபிஐக்காக, அதான் ரெண்டு சாஃப்ட்வேரைக் கோத்து விடற கோடுக்காக, மூணு நாளா காத்துட்டு இருந்திருக்கான். அவன் பொய் சொல்லலைங்க. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்றது மருவாதி இல்லைன்னு சொல்லிச் சொல்லி வளத்த ஊரு இது, நானும் அப்படி வளந்தவன்தான், அதனாலதான் மூணு நாளும் அந்த பதிலை வாங்கிட்டு நிம்மதியா போயிருக்கேன். அந்த வருச அப்ரைசல்ல எனக்கு ஒரே வரி எழுதியிருந்தாங்க, பீப்பிள் ஸ்கில்ஸ் வளத்துக்கணும்னு. எப்படி வளத்துக்கறதுன்னு எழுதலை.

கம்பெனி மொதல்ல அனுப்புனது ஒரு நாள் ஒர்க்‌ஷாப், அவிநாசி ரோட்டுல ஒரு ஹோட்டல்ல. பலூன் ஊதச் சொன்னாங்க, கண்ணைக் கட்டிட்டு நடக்கச் சொன்னாங்க, மத்தியானம் பிரியாணி நல்லா இருந்துச்சு. அதைப் பத்தி அவ்வளவுதான். மிச்சம் மூணு வழிதான் உருப்படியா ஒப்பிட்டுப் பாக்கற மாதிரி இருந்துச்சு: பிஎம்பிங்கற ப்ராஜெக்ட் மேனேஜர் சர்டிபிகேட் எக்ஸாம், டோஸ்ட்மாஸ்டர்ஸ்ங்கற மேடைப்பேச்சு பழகற கிளப், பொறவு திருப்பூர் அண்ணன் ஒருத்தரு.

பிஎம்பின்னா டெக்னிக்கல் எக்ஸாம், அதுல எங்க மனுசங்களைப் பத்தி வரும்னு நானும் நெனச்சேன். 2022ல நான் எழுதுனப்போ 180 கேள்வி, 230 நிமிசம், அதுல 42 சதவீதம் மனுசங்களைப் பத்தின பகுதிதான், ப்ராசஸ் 50, மிச்ச 8 பிசினஸ் சூழல். அப்போ அந்த மனுசங்க பகுதியோட லிஸ்ட்ல மொத வேலையா இருந்ததே சண்டையைச் சமாளிக்கறதுதான். எழுதறதுக்கு டிகிரி இருந்தா 36 மாச ப்ராஜெக்ட் அனுபவம் காட்டணும், 35 மணி நேர வகுப்பும் முடிச்சிருக்கணும். பாஸானாலும் விட மாட்டாங்க, மூணு வருசத்துக்கு 60 பிடியு, அதான் தொடர்ந்து கத்துக்கறதுக்கான பாயின்ட், சேத்துட்டே இருக்கணும்.

இதுல எனக்கு கெடச்ச பெரிய லாபம், பேர் வெக்கத் தெரிஞ்சுது. ஒதுங்கிப் போறது, விட்டுக்குடுக்கறது, ஆளுக்குப் பாதி, அதிகாரத்துல அமுக்கறது, உக்காந்து சேந்து தீக்கறதுன்னு சண்டையை அஞ்சு விதமா பிரிச்சுச் சொல்லித் தந்தப்பதான் நான் வருசக்கணக்கா பண்ணிட்டு இருந்தது மொத ரெண்டு மட்டும்னு ஒறைச்சுது, அதைப் போயி பொறுமைன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன் பாருங்க. இன்னொண்ணு, டீம் எப்படி நடந்துக்கணும்னு எல்லாரும் உக்காந்து பேசி எழுதி வெக்கற பழக்கம். இது சாதாரணமா தெரியும், இதோட அருமை கீழ வரும்.

கொறை என்னன்னா, எக்ஸாம்ல கேள்வி எல்லாம் "மேனேஜர் அடுத்தது என்ன பண்ணணும்"னு வரும், பாதிக்கு மேல "அந்த ஆளைத் தனியா கூப்பிட்டுப் பேசி காரணத்தைத் தெரிஞ்சுக்கணும்"ங்கற வாசனை இருக்கற ஆப்சனை டிக் பண்ணா சரியா இருக்கும். நானும் கோபிப் பையனைத் தனியா கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்ணா, எல்லாம் நல்லாத்தான் போகுதுங்"ன்னான். அதுக்கு அடுத்தது என்ன பண்ணணும்னு எந்த ஆப்சன்லயும் இல்ல.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் வேற ரகம். 1924ல கலிபோர்னியாவுல சாண்டா அனாங்கற ஊர்ல ரால்ஃப் ஸ்மெட்லின்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, இப்ப கோயமுத்தூர்லயே நெறைய கிளப் இருக்கு. இங்க வாத்தியாரே கெடையாது, மெம்பருங்கதான் ஒருத்தருக்கு ஒருத்தர் வாத்தியாரு. மொதப் பேச்சு ஐஸ்பிரேக்கர், நாலுல இருந்து ஆறு நிமிசம், நேரம் ஆகறதைக் காட்ட பச்சை மஞ்சள் செவப்புன்னு லைட்டு எரியும். ஆ-கவுன்டர்னு ஒரு ஆளு மூலையில உக்காந்து நாம எத்தனை தடவை "ம்ம்", "சோ", "ஆக்சுவலி" சொன்னோம்னு எண்ணிட்டே இருப்பாரு. எனக்கு மொத நாள் வந்த கணக்கு 23. அதுல "எஸ்ங்க", "ஓகேங்க" எத்தனைன்னு தனியா சொன்னாங்க, நம்மூர்க்காரன் இங்கிலீஷ்லயும் ங்க போடாம விடமாட்டான்.

மேடை பயம் போகணும்னா இதைவிட சல்லிசா வேற வழி இல்ல. ப்ராஜெக்டை மேல இருந்து பாக்கற ஸ்டீயரிங் கமிட்டியில திடுதிப்புனு கேள்வி கேட்டா வாய் கொழறுதா, டேபிள் டாபிக்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, தலைப்பை அப்பத்தான் சொல்லுவாங்க, ஒண்ணு ரெண்டு நிமிசம் பேசியே ஆகணும். ஆறு மாசத்துல வித்தியாசம் தெரியும். ஆனா என்னைக் கேட்டா பேச்சாளரா நிக்கறதை விட அடுத்தவங்க பேச்சை எடை போடற எவாலுவேட்டரா உக்காந்ததுலதான் சாஸ்தி கத்துக்கிட்டேன், ஏன்னா அடுத்தவன் பேசறப்போ போனை நோண்டாம ஏழு நிமிசம் காதைக் குடுத்து, அவன் மூஞ்சி பாத்து ரெண்டே மூணு நிமிசத்துல திருப்பிச் சொல்லணும், அதை நான் எந்த ஆபீஸ் மீட்டிங்லயும் செஞ்சதே இல்ல.

வம்பு எங்கன்னா, அங்க கொறையைச் சொல்ல ஒரு ஃபார்முலா வெச்சிருக்காங்க. மேல ஒரு பாராட்டு, நடுவுல கொறை, கீழ ஒரு பாராட்டு. பேக்கரி பன் பட்டர் ஜாம் மாதிரி. கிளப்ல அது எடுபடும், கொறை கேக்கறதுக்குன்னே சந்தா கட்டி வந்தவங்க அவங்க. ஆபீஸ்ல டீம்ல ஒரு பொண்ணுகிட்ட நான் அதையே பண்ணேன், அந்தப் பொண்ணு மேல பன்னையும் கீழ பன்னையும் மட்டும் சாப்பிட்டு "அண்ணன் என்னைப் பாராட்டுனாரு"ன்னு வீட்டுக்குப் போயிருச்சு. அடுத்த வாரம் அதே தப்பு.

மூணாவது, காசு வாங்காதவரு. ஐடிக்கு வர்றதுக்கு முன்னால திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மூணு வருசம் மெர்ச்சன்டைசரா, அதான் துணி வாங்கற பையரோட ஆர்டரைப் பாத்துக்கற ஆளா, இருந்தேன், அங்க ப்ரொடக்சன் மேனேஜரா இருந்த அண்ணன். பத்தாவது தாண்டாதவரு. சனிக்கெழமை ஒருக்கா அவர் பைக் பின்னாடி ஏறிக்கிட்டு சாயப்பட்டறைக்குப் போனப்போ பாத்தது இது.

நான் போயிருந்தா மொத கேள்வியே "லாட் எப்ப வரும்"னு கேட்டிருப்பேன். அண்ணன் கேக்கவே மாட்டாரு. டீ வரும், சித்த நேரம் மழையைப் பத்திப் பேசுவாரு, பொறவு மெதுவா "துணி இப்ப எங்க நிக்குதுங்க?"ன்னு கேப்பாரு. அவ்வளவுதான் கேள்வி. பட்டறைக்காரரு "சாஃப்ட் ஃப்ளோவுல ஓடிட்டு இருக்குதுங்"ன்னா சாயம் போடற மெசின்ல ஏறிருச்சுன்னு அர்த்தம், பொழப்பு ஓடும், இன்னும் காய வெச்சு, துணி சுருங்காம இருக்க காம்பேக்டிங் போட்டு வந்தர்லாம். "கிரேயா இருக்குதுங்"ன்னா சாயம் போடாத துணியா அப்படியே கெடக்கு, மெசின்லயே ஏறலைன்னு அர்த்தம், நாலஞ்சு நாள் போச்சு. எப்ப வரும்னு கேட்டா வாக்கு கேக்கற மாதிரி, எதிர்ல இருக்கறவரு நம்ம மனசு நோகாம ஒரு தேதி சொல்லித்தான் ஆகணும். எங்க நிக்குதுன்னா அது துணியைப் பத்தின கேள்வி, உண்மையைச் சொல்றதுல அவருக்கு ஒரு மருவாதிக் கொறைச்சலும் இல்ல.

கெட்ட சேதியை மேல சொல்றதும் அவர்கிட்டதான் பாத்தேன். 2011 ஜனவரி கடைசியில, நொய்யல் ஆத்து மாசுக் கேஸுல ஹைகோர்ட் உத்தரவு போட்டு சாயப்பட்டறைங்க எல்லாம் மூடுனப்போ ஊரே வெசனத்துல கெடந்துச்சு, நெறைய பேரு தொறந்துருவாங்க தொறந்துருவாங்கன்னு பையரை இழுத்துட்டே இருந்தாங்க. இவரு அடுத்த நாளே என்னை உக்கார வெச்சு மெயில் அடிக்கச் சொன்னாரு: சாயம் ஏறுனது இவ்வளவு, கிரேயா நிக்கறது இவ்வளவு, வெளியூர்ல சாயம் போட்டா இத்தனை நாள் சேரும், உங்களுக்கு எந்த கலரு மொதல்ல வேணும். பையர் கத்துனாரு, ஆனா ஆர்டரைத் திருப்பி எடுத்துக்கல.

இவ்வளவு சொல்றதால அண்ணனைக் கும்பிட்டுட்டு மத்ததை விட்ருங்கன்னு சொல்ல வரல. அவர் முறையில பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு, பஞ்சாயத்து எல்லாம் பேக்கரி வாசல்ல டீயும் கையுமாத்தான் முடியும், "எந்த ஊருங்க, யாரு வூட்டுப் பையன்"னு ஆரம்பிச்சு. அந்த வட்டத்துல லைன்ல தைக்கற அக்காங்க ஒருத்தர் கூட கெடையாது, எங்க கூட இருந்த ரெண்டு பொண்ணு மெர்ச்சன்டைசருங்களுக்கும் முடிவு பண்ணி முடிஞ்ச பொறவுதான் தெரியும். என்ற டீம்ல பாதி பொண்ணுங்க, ரெண்டு பேரு புனேல, ஒருத்தரு வீட்டுல இருந்து வேலை. பேக்கரி வாசல் அவங்களுக்கு எட்டாது. அங்கதான் பிஎம்பிக்காரன் சொன்ன மாதிரி எல்லாரும் பாக்கற எடத்துல எழுதி வெக்கறது கைகுடுத்துச்சு.

யாருக்கு எதுன்னு கேட்டா: ரெசிப்ஷன் தாண்டி உள்ள போக ரெஸ்யூம்ல எழுத்து வேணும், வெளிநாட்டு கிளையன்ட் வேலைக்கு மாறப் போறீங்கன்னா பிஎம்பி எழுதிருங்க, கோர்ஸ் எக்ஸாம் எல்லாம் சேத்து எனக்கு 50,000க்கு மேல ஆச்சு, கம்பெனி குடுத்தா இன்னும் நல்லது. வாயே தொறக்க மாட்டேங்குது, இல்ல என்னை மாதிரி தொறந்தா மூட மாட்டேங்குதுன்னா டோஸ்ட்மாஸ்டர்ஸ். ரெண்டும் இல்ல, டீம் சரி சரின்னுது ஆனா ஒண்ணும் நகரலைன்னா அண்ணன் மாதிரி ஒருத்தரைத் தேடிப் புடிச்சு அவர் வண்டி பின்னாடி உக்காருங்க, அவரு சொல்ற அட்வைஸைக் கேக்காதீங்க, சுமாராத்தான் இருக்கும், அவரு என்ன கேக்கறாருன்னு மட்டும் பாருங்க. மூணுல ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்குன்னா நான் மூணாவதைத்தான் எடுப்பேன்.

சாயப்பட்டறைக் கதையை டீம்ல ஒருக்கா சொல்லியிருந்தேன். போன வாரம் காலையில கோபிப் பையன்கிட்ட ரிப்போர்ட் வேலை எங்க நிக்குதுன்னு கேட்டேன். ஸ்கிரீனைப் பாத்தான், என்னைப் பாத்தான்.

"கிரேயாத்தான் இருக்குதுங்ணா."