தத்தெடுக்கத் தகுதி: சட்டத்தின் பட்டியலா, வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆய்வா?

யார் தத்தெடுக்கலாம் என்பதை இரண்டு விதமாக முடிவு செய்யலாம். திருமணமாகாதவர், வயதானவர், ஒருபாலினத் தம்பதி என்று சிலரைச் சட்டமே மொத்தமாக விலக்கி வைப்பது ஒன்று. விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஆராய்வது இன்னொன்று.

பட்டியல் முறையில் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வளர்க்கப்போகிற மனிதரைப் பார்க்காமலேயே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

ஆய்வு என்றால் சமூகப் பணியாளர் வீட்டுக்கே வருவார். வருமானம், உடல்நலம், குற்றப் பின்னணி எல்லாம் பார்ப்பார். குழந்தை எங்கே தூங்கும், உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், 'என்னைப் பெற்றது யார்' என்று அது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றெல்லாம் விசாரிப்பார். குழந்தையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விகள்தான்.

சரி, இதில் குறையே இல்லையா? இருக்கிறது. ஆய்வு செய்பவரின் முன்முடிவும் கூடவே வீட்டுக்குள் வந்துவிடும். பிரான்சில் தனிநபர் தத்தெடுக்கச் சட்டத்தில் இடமிருந்தும், ஒரு பெண்ணைத் துணையாகக் கொண்ட ஆசிரியைக்கு அனுமதி மறுத்தார்கள். தந்தை ஸ்தானத்தில் ஆளில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அது பாகுபாடு என்று 2008-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே மறுப்புக்கு எழுத்தில் காரணமும் மேல்முறையீட்டு வழியும் கட்டாயம் வேண்டும். அவை இருந்தால் நான் ஆய்வின் பக்கம்தான். தத்து விஷயத்தில் குழந்தையின் நலனே முதன்மை என்கிறது 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. ஒரேயொரு இடத்தில் பட்டியல் இருந்தே ஆக வேண்டும்: குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவர்களை ஆய்வு வரைகூட வரவிடக் கூடாது.