ரிம்வேர்ல்டில் ஆட்கள் சும்மா நிற்கிறார்களா? நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

ஆட்களுக்கு வேலை கொடுத்து ஒரு குடியேற்றத்தை நடத்தும் கணினி விளையாட்டான ரிம்வேர்ல்டின் முழுப் பதிப்பு 2018 ஒக்டோபரில் வந்தது. அதன்பின் ரோயல்டியில் தொடங்கி ஒடிசி வரை ஐந்து விரிவாக்கங்கள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் புதிதாக விளையாடுபவர் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி மாறவில்லை. சுவர் அரைகுறையாகக் கிடக்கிறது, மூன்று பேர் முற்றத்தில் சுற்றித் திரிகிறார்கள், திரையின் வலப்பக்கத்தில் ‘ஐடில்’ (வேலையின்றி நிற்கிறார்) என்று அறிவிப்பு நிற்கிறது. ஏன்?

பலரும் உடனே யாருக்கு எந்த வேலை முதலில் என்று குறிக்கும் வேர்க் டேப்பைத் திறந்து எண்களை மாற்றத் தொடங்குவார்கள். பெரும்பாலும் அது வீண் மினக்கேடு. சும்மா நிற்பவரைத் தெரிவுசெய்துவிட்டு, நின்றுபோன வேலையின்மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். அது சுவரின் வரைபடமாக இருக்கலாம், அடுப்பாக இருக்கலாம், தரையில் கிடக்கும் இரும்பாகவும் இருக்கலாம். அவரால் முடிந்த வேலையென்றால் ‘பிரயோரிட்டைஸ்’ (இதை முதலில் செய்) என்று வரும். முடியாதென்றால் அதே வரி மங்கலாக வந்து காரணத்தையும் சொல்லும்: பொருள் இல்லை, போக வழியில்லை, இன்னொருவர் எடுத்துவிட்டார், இந்த வேலை இவருக்கு ஒதுக்கப்படவில்லை. அந்த ஒரு வரியை வாசிக்காமல் வேறு எதிலும் கை வைக்க வேண்டாம்.

அதிகமாகத் தடங்கல் வருவது சமையலறையில். குளிரறை நிறைய அரிசி இருக்கும், சமையல்காரர் வெளியே நிற்பார். அடுப்பில் போட்டிருக்கும் பில்லை, அதாவது எதைச் சமைக்க வேண்டும் என்ற வேலைக் கட்டளையை, திறந்து வடிவாகப் பாருங்கள். ஃபைன் மீல் (தரமான சாப்பாடு) மட்டும் போட்டிருந்தால் ஒரு சாப்பாட்டுக்கு இறைச்சி 5, மரக்கறி அல்லது தானியம் 5 வேண்டும். சமையல் திறனும் 6 வேண்டும். இறைச்சி தீர்ந்த நொடியே அந்த பில் நின்றுவிடும், அரிசி ஆயிரம் இருந்தாலும் பயனில்லை. அதன் கீழே சிம்பிள் மீல் (எளிய சாப்பாடு) பில் ஒன்றைச் சேருங்கள். அதற்கு எதுவானாலும் 10 காணும், திறன் எல்லையும் கிடையாது. பில்கள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படுவதால் இறைச்சி வந்ததும் தானாகவே ஃபைன் மீலுக்குத் திரும்பிவிடுவார். அடுத்து இன்கிரீடியன்ட் ரேடியஸை, அதாவது பொருள் எடுக்க எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லையை, பாருங்கள். நடையை மிச்சம் பிடிக்கவென்று அதைக் குறைத்து வைத்திருப்போம். பிறகு குளிரறையைத் தள்ளிக் கட்டினால் அரிசி அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். மின்சார அடுப்பென்றால் கரண்ட் வருகிறதா என்பதும் முக்கியம். ‘20 இருக்கும்வரை செய்’ என்று போட்டு 20 சேர்ந்துவிட்டால் அவர் நிற்பது பிழையே அல்ல.

சுமை தூக்குபவர்கள் நிற்பதற்குக் காரணம் வேறு. கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் கிடங்கு நிரம்பினால் நாட்டாமிமார் மூட்டையோடு வாசலில் நிற்பார்கள் அல்லவா, அதே நிலைதான். தரையின் ஒரு சதுரக் கட்டத்தில் இரும்பு 75தான் அடங்கும். 5க்கு 5 கிடங்கென்றால் 1,875. அதற்கு மேல் வந்தது வெளியிலேயே கிடக்கும். 2022இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து இறாக்கையின் ஒரு கட்டத்தில் மூன்று அடுக்கு வைக்கலாம். தரைக் கிடங்கைப் பெருப்பிப்பதைவிட இறாக்கை போடுவதே நல்லது என்பது எங்கள் எண்ணம். இடம் இருந்தும் எடுக்கவில்லையென்றால் எதை வைக்கலாம் என்று குறிக்கும் கிடங்கின் ஃபில்டரில் அந்தப் பொருள் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொருளின்மேல் சிவப்புப் புள்ளடி இருந்தால் அது தடைசெய்யப்பட்டது. தாக்க வந்த எதிரிகள் விட்டுப்போகும் ஆயுதங்கள் அப்படித்தான் கிடக்கும். தெரிவுசெய்து எஃப் விசையை அழுத்தினால் தடை நீங்கும். பாறைத் துண்டுகளோ, நீங்கள் குறித்துவிடாமல் யாரும் தூக்கமாட்டார்கள்.

எல்லோரும் ஒரேயடியாக நின்றால் அலவ்ட் ஏரியாவைத்தான், அதாவது அவர்கள் நடமாட அனுமதித்த பகுதியைத்தான், சந்தேகிக்க வேண்டும். நச்சு மழையின்போது எல்லோரையும் வீட்டுக்குள் அடக்கி வைத்து, அது முடிந்தபின் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ (கட்டுப்பாடு இல்லை) என்று மாற்ற மறப்பது மிகவும் சாதாரணம். வெளியே உள்ள வயல், சுரங்கம், மரம் எதுவும் அவர்கள் கணக்கில் வராது.

பயிர் விடயத்தில் கொழும்பில் இருந்து விளையாடுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எங்களுக்குப் பருவம் என்றால் மழை. வெப்பநிலை ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாது. அதனால் விதைப்புக் காலம் என்ற எண்ணமே மனதில் வருவதில்லை. விளையாட்டில் ஓராண்டு 60 நாள். இறங்கும் இடத்தின் விவரத்தில் அதில் எத்தனை நாள் பயிர் வளரும் என்று எழுதியிருக்கும். பூச்சியத்துக்குக் கீழே குளிர் போனால் பயிர் வளராது, விதைப்பவரும் விதைக்கமாட்டார். நல்ல காலத்திலும் விதைக்கவில்லையென்றால் திறனைப் பாருங்கள்: மருந்து மூலிகையான ஹீல்ரூட்டுக்குப் பயிர்த் திறன் 8, துணி நார் தரும் டெவில்ஸ்ட்ராண்டுக்கு 10.

வேட்டைக்காரர் கையில் வாள் இருந்தால் வேட்டைக்குப் போகமாட்டார், துப்பாக்கியோ வில்லோ கொடுங்கள்.

கண்ணில் எளிதில் படாத காரணம் ஒன்று இருக்கிறது. சிலை, ஆயுதம் போன்றவற்றைத் தொடங்கியவரே முடிக்க வேண்டும். அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டால் மேசையில் அரைகுறைப் பொருள் கிடக்க, மற்றவர்கள் அந்த பில்லைத் தொடமாட்டார்கள். அவரைத் திரும்ப அனுப்புங்கள், அல்லது அதே பில்லை இன்னொரு முறை சேருங்கள்.

இவ்வளவும் சரியென்றால் மட்டும் வேர்க் டேப்புக்குப் போகலாம். மேனுவல் பிரயோரிட்டிஸை (நாமே முன்னுரிமை எண் கொடுக்கும் வசதி) இயக்கினால் 1 முதல் 4 வரை எண் வரும். 1தான் முதலில், எண் ஒன்றானால் இடப்பக்க வேலை முந்தும். சுமைக்கும் துப்புரவுக்கும் எல்லோருக்கும் 4 போடுங்கள். துப்புரவு ஹோம் ஏரியாவுக்குள் (வீட்டுப் பகுதியாகக் குறித்த இடம்) மட்டுமே நடக்கும். பயோடெக் விரிவாக்கத்தில் சுமை தூக்கும் லிஃப்டர் இயந்திரங்களை வைத்திருந்தால் மனிதருக்குச் சுமை மிஞ்சாது. அப்போது கைவேலை தெரிந்தவருக்குக் கல் வெட்டும் மேசையில் ‘எப்போதும் செய்’ என்று ஒரு பில் போட்டுக் கடைசி எண்ணில் வையுங்கள். ஒரு பாறைத் துண்டுக்கு 20 கல், ஒரு சுவர்க் கட்டத்துக்கு 5. நான்கு கட்டச் சுவர் அவர் நின்ற நேரத்திலேயே எழும்பிவிடும்.