கட்சிப் பிடிப்பில்லாதவருக்கு ஒரு செயலி: ‘நோ யுவர் கேண்டிடேட்’

எந்தக் கட்சியின் மீதும் பிடிப்பில்லாமல், சின்னத்தைப் பார்த்து வாக்களிக்கும் வழக்கமும் விட்டுப்போன என்னைப் போன்ற வேலூர்க்காரர்களுக்கு, தேர்தல் ஆணையத்தின் ‘நோ யுவர் கேண்டிடேட்’ (உங்கள் வேட்பாளரை அறியுங்கள்) செயலி ஓரளவு கைகொடுக்கும். தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் வேட்பாளர் பட்டியலும், ஒவ்வொருவர் மீதும் குற்ற வழக்கு உண்டா என்ற குறிப்பும், படிவம் 26-இல் அவர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரமும் கிடைக்கின்றன. (காட்பாடிவாசிகள் வேலூர் மாநகராட்சிக்கு வரி கட்டினாலும், மக்களவைத் தேர்தலுக்கு அரக்கோணம் தொகுதியில்தான் தேட வேண்டும்.)

உண்மையான பயன் அந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது. வேட்பாளர், வாழ்க்கைத் துணை, சார்ந்திருப்போர் ஆகியோரின் கையிருப்பு ரொக்கம், நகை, நிலம், கடன், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி என ஒவ்வொன்றும் தனித்தனியே வரும். ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகையைச் சொத்து மதிப்புடன் ஒப்பிட்டால், மேடைப்பேச்சில் வராத பல கேள்விகள் எழும். பெருந்தொகை பிடிபட்டதால் 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5-இல் வாக்களித்த ஊருக்கு இந்தக் கணக்கைப் படிக்கும் பொறுமை அவசியம் என்றே கருதுகிறேன்.

ஆனால், தோல் கழிவால் பாழான பாலாற்றுக்கு இவர் என்ன செய்வார் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. எல்லோரையும் கழித்துவிட்டு, 2013-இல் வந்த நோட்டாவை அழுத்தலாம். அதற்கே அதிக வாக்கு விழுந்தாலும் வேட்பாளர்களில் முதலில் வருபவரே வெற்றி பெறுவார்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்து இறுதிப் பட்டியல் வந்ததுமே பத்திரங்களை இறக்கிப் படித்துவிடுவது நல்லது.