ராத்திரி சர்க்கரை: குளுக்கோமீட்டரா, சென்சாரா?

படுக்கும்போது 140, காலையில் வெறும் வயிற்றில் 190. ராத்திரி இன்சுலின் போடுகிற என்னைப் போன்ற பலருக்கும் இந்தக் கணக்கு பழக்கம்தான். இரவு முழுக்க ஏறிக்கொண்டே வந்திருந்தால் டோஸ் போதவில்லை என்று டாக்டர் கூட்டுவார். 3 மணி வரை ஒழுங்காக இருந்து, விடியற்காலையில் கார்டிசால் மாதிரி ஹார்மோன்கள் சுரந்து, கல்லீரல் சர்க்கரையை வெளியே விட்டதால் ஏறியிருந்தால் கதை வேறு. அப்போது டோஸைக் கூட்டினால் நடுராத்திரியில் 70-க்குக் கீழே இறங்கிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே 3 மணிக்கு எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழி: விரலில் குத்தி ஸ்ட்ரிப்பில் ரத்தம் வைத்துப் பார்க்கும் குளுக்கோமீட்டர், அல்லது தோலில் ஒட்டிக்கொண்டு தானாகவே சர்க்கரையை அளக்கும் சென்சார்.

விலையிலும், எந்த மருந்துக்கடையிலும் ஸ்ட்ரிப் கிடைப்பதிலும் குளுக்கோமீட்டர்தான் முன்னால். அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் அலாரம் வைத்து எழுந்து, விளக்கைப் போட்டு, விரலில் குத்திவிட்டுப் படுத்தால் அப்புறம் தூக்கம் எங்கே வருகிறது? தூக்கம் கெட்டால் சர்க்கரையும் கெடும். 1999-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். சர்க்கரை நோயே இல்லாத அவர்களுக்கே குளுக்கோஸைச் சமாளிக்கும் திறன் குறைந்துவிட்டது. நமக்குக் கேட்கவே வேண்டாம்.

அதனால் என் ஓட்டு சென்சாருக்கு. மேல்கையில் ஒட்டினால் 14 நாள் அது பாட்டுக்கு அளந்துகொண்டிருக்கும். நிம்மதியாகத் தூங்கி எழுந்து இரவின் முழு வரைபடத்தையும் பார்க்கலாம். எனக்கு 4 மணிக்கு மேல்தான் ஏறுகிறது என்று தெரிந்ததும், டாக்டர் ராத்திரி டோஸைத் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தைத்தான் முன்னால் தள்ளச் சொன்னார்.

சென்சாரிலும் தொல்லை உண்டு. ஒட்டிய கையை அழுத்திப் படுத்தால் சர்க்கரை பொய்யாகக் குறைந்து காட்டும். சர்க்கரை இறங்கினால் அடிக்கும் அலாரத்தைப் போட்டிருந்தால் அது வேறு எழுப்பிவிடும். சந்தேகம் வந்தால் விரலில் குத்தித்தான் உறுதி செய்ய வேண்டும். ஒரு சென்சார் விலைக்கு மாதக்கணக்கில் ஸ்ட்ரிப் வாங்கலாம் என்பதால், மருந்து மாறும்போது மட்டும் ஒட்டிக்கொள்கிறேன். மற்ற நாட்களில் பழைய மீட்டர்தான்.

இது டைப் 2 காரனின் அனுபவம். டைப் 1 குழந்தை இருக்கும் வீட்டில் அந்த அலாரம்தான் முக்கியமாக இருக்கலாம். அதைப் பற்றி அந்தப் பெற்றோர் சொல்வதுதான் சரி. பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு முட்டி எழுகிறவர்களுக்குத் தூக்கம் கெடுவதே சர்க்கரை ஏறக் காரணமாக இருக்கலாம்; அவர்கள் இரண்டில் எதையும் வாங்குமுன் தூக்கப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.