பழைய பாட்டா, புதுப் பாட்டா?

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் குரல் பயிலும் அக்கா மகள், சிங்கப்பூர்த் தேக்காவில் தோசையைப் பிய்த்தபடி கேட்டாள்: "மாமா, மோட்சார்ட், வெர்டி மாதிரி அந்தக் கால இசையமைப்பாளர்களோடு நின்றுவிடலாமா? இல்லை, இன்று எழுதுகிறவர்களைப் பாடட்டுமா?"

முதல் வழி தெரிந்த வழி. பதிவுகள் கொட்டிக் கிடக்கின்றன. சபாவில் தியாகராஜர் கிருதியை எடுத்ததும் தலைகள் ஆடுமே, அதே சுகம். ஒப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவதற்கு இங்கிலாந்தின் ஜேன் மேனிங்கைப் (1938–2021) பார்க்கலாம். 1964இல் லண்டனில் அரங்கேறிய இந்த சொப்ரானோ (உச்சக் குரல் பாடகி), 300க்கும் மேற்பட்ட புதுப் படைப்புகளை முதன்முதலாகப் பாடியவர். பாதி பேச்சு, பாதி பாட்டாக இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1912இல் எழுதிய 'பியரோ லூனேர்' அவருடைய அடையாளம். அதில் 21 கவிதைகள். முதன்முதலாகப் பாடும் புதுப் பாட்டுக்குக் கேட்டுப் பழகப் பதிவு இருக்காது, சுரக்குறிப்பு மட்டுந்தான். மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தது ஒரே இரவோடு முடிந்தும் போகலாம். ஆனால் இன்று எழுதுகிறவர் உயிரோடு இருக்கிறார்! "இந்தச் சுரம் என் குரலுக்கு ஏறவில்லை" என்று நேரில் சொல்லலாம், மாற்றியும் தருவார். வெர்டியிடம் அது நடக்குமா?

வருமானம்? புதுப் பாட்டை மட்டும் நம்பினால் சிரமம். மேனிங்கும் கற்பித்தார், புதிய குரலிசைக்கு வழிகாட்டி நூல்கள் எழுதினார். சிங்கப்பூரிலும் எஸ்பிளனேட் கலைமையத்தின் பெரிய அரங்கை நிரப்பப் பழையதுதான் வேண்டும். புதியதற்குச் சிற்றரங்கம் போதும்.

நான் இரண்டாவது பக்கம். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.