எந்த எண் அதிகச் சுவையானது: 2147483647-ஆ, 4294967297-ஆ?

இரண்டும் பத்து இலக்கம், இரண்டும் 7-இல் முடிபவை. முதலாவது, 2-இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு; அடுத்தது 32ஆம் அடுக்கில் ஒன்று கூடுதல்.

4294967297 பகா எண் என்றே கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 64-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்கள் போதும். 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே சிக்கிவிடுகிறது! யாரும் தாளில் சரிபார்க்கலாம் என்பதால் எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

2147483647 லேசில் மசியாது. அது பகா எண்ணேதான். நிறுவியவரும் ஆய்லரே. அதை 2-இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்ற செவ்விய எண் வரும்: தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் அதே எண். கணினியில் குறியுள்ள (மிகை, குறை இரண்டையும் ஏற்கும்) 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பும் 2147483647தான்.