ஆறு அங்குல இன்லைன் ஃபான்: பெட்டியில் எழுதாத உறுமல்

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் குசினிப் புகைக்கு இப்போது பலரும் தேடுவது குழாயின் நடுவே பொருத்தும் இந்த 150 மி.மீ. இன்லைன் ஃபானைத்தான். மணிக்கு 500 கன மீட்டர், இரண்டு வேகம், பிளாஸ்டிக் உடல். இழுவையில் குறையில்லை, மீன் பொரித்தாலும் மணம் ஹோலுக்கு வராது. வில்லங்கம் சத்தத்தில்.

பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் ஏ-வெயிட்டிங் கணக்கு, அதாவது காதுக்குக் குறைவாகக் கேட்கும் தாழ்ந்த ஒலியைக் குறைத்து எண்ணுவது. அது 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலைக் கழித்துவிடும். உறுமல் இருப்பதோ அங்கேதான். 500 கன மீட்டரை இந்தக் குழாயில் தள்ளினால் காற்று செக்கனுக்கு 8 மீட்டர் ஓடும். ஓட்டம் சீரா கொந்தளிப்பா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 70,000ஐத் தாண்டும், முழுக் கொந்தளிப்பு. குழாய் விட்டமளவு சுழிகள் செக்கனுக்கு ஐம்பது வீதம் கடந்துபோகும். ஃபானின் ஐந்து அலகும் (இறக்கை) நிமிடத்துக்கு 1,400 சுற்றும் சேர்ந்து எழுப்பும் 117 ஹெர்ட்ஸ் ரீங்காரம் சீரானது, காது பழகிவிடும். சுழியின் உறுமல் ஏறி இறங்கும். அடுத்த அறைச் சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரியும். ஒலி மீட்டரில், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத சீ-வெயிட்டிங் அளவு ஏ-யைவிட 20 டெசிபல் கூடினால் இந்த உறுமல்தான், ஐயமே வேண்டாம்.

பெரும்பாலும் கெடுப்பது பொருத்துகிற விதம். ஃபானின் வாயிலேயே எல்போவை (வளைவுத் துண்டு) மாட்டினால் காற்று ஒரு பக்கம் குவிந்து, அலகுகள் ஒவ்வொரு சுற்றிலும் அதில் அடிபடும். உள்வரும் பக்கம் 75 செ.மீ. நேர்க்குழாய் விடுங்கள். சுருங்கி மடிந்த அலுமினிய ஃப்ளெக்ஸ் வேண்டாம். வேண்டுமானால் ஃபானின் இருபுறமும் ஒரு சாண், நன்றாக இழுத்து, அதிர்வைப் பிரிக்க மட்டும். மற்ற நீளத்துக்குப் பழைய சோனகத் தெருவில் 160 மி.மீ. பிவிசி வாங்கலாம். இடமிருந்தால் 200 மி.மீ. இன்னும் நல்லது. வளைவிலும் விளிம்பிலும் மோதும் காற்றின் ஒலிவலு வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும், அதனால் அகலக் குழாயில் அந்தப் பங்கு 15 டெசிபல் வரை இறங்கும். 50 மி.மீ. ஸ்பொஞ்ச் ஒட்டிய சைலன்சருக்குக் காசு கொட்டாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் அலை ஏழு மீட்டர் நீளம், ஸ்பொஞ்சுக்கு அது பிடிபடாது.

கடல் பக்கச் சுவரில் குழாயின் வெளிவாயை வைத்தவர்களுக்குத் தென்மேற்குப் பருவத்தில் இன்னொரு தொல்லை. காற்று விட்டுவிட்டு எதிர்த்துத் தள்ள, ஃபான் மூச்சு முட்டும், சத்தம் ஊதி ஊதி அடங்கும், மூடி படபடக்கும். குறைந்த வேகத்தில் இது மோசம். வாயைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். மூடியும் ஆணியும் உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும்.

சீலிங் ஃபான் டிம்மரை இதற்குக் கொடுக்கவே கூடாது, மோட்டார் 100 ஹெர்ட்ஸில் முனகத் தொடங்கும். என் மதிப்பெண்: ஃபானுக்கு ஐந்தில் நாலு. பெட்டியிலுள்ள டெசிபலுக்கு ஒன்று.